பஸ்பிரோனும் எல்.எஸ்.டி.யும் ஒரே வகையா? செரோடோனின் ஏற்பிகள் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான். பதற்றத்துக்காக ஒருவருக்கு மருத்துவர் பஸ்பிரோன் எழுதிக்கொடுத்திருக்கிறார். அது என்ன மருந்து என்று தேடியதில் ‘செரோடோனின் அகோனிஸ்ட்’ என்று வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தேடினால் மாயக்காட்சி தரும் போதைப்பொருளான எல்.எஸ்.டி.யும் செரோடோனின் அகோனிஸ்ட், அமெரிக்காவில் விற்ற எடைக்குறைப்பு மாத்திரை ஒன்றும் செரோடோனின் அகோனிஸ்ட். “அப்படியானால் நான் விழுங்குவது எதை? போதை ஏறுமா? பசி போய்விடுமா? ஏற்கெனவே மெலிந்திருக்கிறேன் என்று அம்மா ஒரு பசி சிரப் வேறு வாங்கி வைத்திருக்கிறார். அதையும் சேர்த்துக் குடிக்கலாமா?” என்று கேட்கிறார்.

பல வருடம் மருந்தியல் பாடம் எடுத்தவன் நான். பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்: போதை ஏறாது, பசியும் போகாது. சிரப் விஷயம் கடைசியில்.

செரோடோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்துகிற ஒரு வேதிப்பொருள். அந்தச் செய்தியை வாங்குகிற, அணுவின் (செல்லின்) மேலிருக்கும் பகுதிதான் ஏற்பி. அகோனிஸ்ட் என்றால் ஒரு ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, உடம்பின் இயற்கையான பொருள் செய்கிற வேலையைத் தானே செய்துவிடும் மருந்து. தூண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிக்கொண்டு வேலையை நடக்கவிடாமல் செய்வது தடுப்பான். இவ்வளவுதான் கலைச்சொல். ஆனால் ‘செரோடோனின் தூண்டி’ என்பது ‘வெளியூர் பஸ்’ என்பதுபோன்ற பெயர். எந்த ஊருக்கு என்று அதில் இல்லை.

பழைய கோவையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு நினைவிருக்கும். ஊருக்கே ஒரே சங்குதான். அதைக் கேட்டதும் ஒரு வீட்டில் தூக்குச்சட்டியோடு அப்பா கிளம்புவார். அடுத்த வீட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு வெந்நீர் வைப்பார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுவான். யார் என்ன செய்வது என்று சங்கு சொல்வதில்லை, அது அந்தந்த வீட்டு வழக்கம். செரோடோனின் அந்தச் சங்கு, ஏற்பிகள் அந்த வீடுகள். மனிதருக்கு 7 குடும்பங்களில் சுமார் 14 வகை செரோடோனின் ஏற்பிகள் உண்டு. செரோடோனினின் வேதிப்பெயர்ச் சுருக்கமான 5-எச்.டி.யோடு சேர்த்து 1ஏ, 2ஏ, 2சி என்று எண்ணிட்டு அழைப்போம். தூண்டி மருந்து என்பது ஒரு வீட்டு வாசலில் மட்டும் போய்ச் சங்கு மாதிரி ஊதிவிட்டு வருகிற ஆள்.

‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று வார இதழ்களில் எழுதுகிறார்களே, அந்தப் பட்டம் எனக்கு எப்போதும் உறுத்தும். 1930களில் இத்தாலியில் எர்ஸ்பாமர் என்ற விஞ்ஞானி இந்தப் பொருளைக் குடலில்தான் கண்டார். 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் இரத்தத்தின் சீரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரத்தக் குழாயை இறுக்குகிற பொருள் என்பதால்தான் சீரத்தையும் இறுக்கத்தையும் சேர்த்து அந்தப் பெயர். மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் என்ற ஆய்வாளர் காட்டியது 1953-ல். இன்றைக்கும் உடம்பின் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. குடலில் உள்ளது மூளைக்குள் நுழையாது, இடையில் இரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறது. வாழைப்பழத்தில் செரோடோனின் உண்டு என்பது உண்மை. அதைச் சாப்பிட்டு அது மனதுக்குப் போய்ச் சேரும் என்பது உண்மையில்லை. வாழைப்பழத்தை வேறு காரணங்களுக்காகச் சாப்பிடுங்கள்.

மூளைக்கான செரோடோனினைத் தயாரிப்பவை மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியில் இருக்கும் நரம்பணுக்கள். 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள மூளையில் இவை வெறும் சில லட்சம். ஆனால் இவற்றின் கிளைகள் போகாத இடமே கிட்டத்தட்ட மூளையில் இல்லை.

சரி, உங்கள் மாத்திரைக்கு வருவோம். பஸ்பிரோன் ஊதுவது 1ஏ வீட்டு வாசலில். அமெரிக்காவில் 1986-ல் அனுமதி பெற்ற பழைய மருந்து. இந்த 1ஏ ஏற்பிக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. அது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி போன்ற இடங்களில், செய்தியை வாங்கிக்கொள்ளும் அணுக்களில். இன்னொன்று, சங்கு ஊதுகிற ராஃபே அணுக்களின் மேலேயே. இந்த இரண்டாவது, ‘சத்தம் போதும்’ என்று ஊதுபவருக்கே சொல்கிற காவல்காரன். இவனைத் தூண்டினால் ராஃபே அணுக்கள் அடங்கி, செரோடோனின் வெளியேற்றம் குறையும்.

ஆக, செரோடோனினைப் போலவே நடந்துகொள்கிற மருந்து முதல் சில நாட்களில் மூளையின் செரோடோனினைக் குறைக்கவே செய்கிறது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூண்டப்பட்டதும் காவல்காரனுக்குக் காது மரத்துவிடும். ராஃபே பழைய வேகத்துக்குத் திரும்பும். இந்தப் பக்கம் வாங்கும் அணுக்களின் 1ஏ ஏற்பிகளும் தொடர்ந்து மிதமாகத் தூண்டப்பட்டுக்கொண்டிருக்கும். பதற்றம் மெல்லத் தணிவது அந்தக் கட்டத்தில்தான். அதனால்தான் அல்பிரசோலம் என்ற வேறு வகைப் பதற்ற மாத்திரை மாதிரி போட்ட அரை மணியில் இதில் ஒன்றும் தெரியாது. ‘மனசு படபடக்கும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்’ என்பது பஸ்பிரோனுக்குச் சரிவராது. பதிலுக்கு, அல்பிரசோலத்தில் இருக்கிற பழக்க அடிமைத்தனம் இதில் இல்லை. தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு ஆரம்பத்தில் வரும்.

ஃப்ளூவாக்சடின், எசிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தர வாரக்கணக்கில் ஆவதற்கும் இதே காவல்காரன் ஒரு காரணம் என்று கருதுகிறோம். அவை தூண்டிகள் அல்ல, வெளியான செரோடோனினைத் திரும்ப உறிஞ்சவிடாமல் நிறுத்துபவை. சில மணி நேரத்திலேயே செரோடோனினை உயர்த்தத் தொடங்குபவை மனதை மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொள்கின்றன என்றால், ‘செரோடோனின் குறைவு = மனச்சோர்வு’ என்ற கணக்கில் ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 2022-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வும் அந்தக் கணக்குக்கு உறுதியான சான்று இல்லை என்றே சொன்னது. அதைப் படித்துவிட்டு மாத்திரையால் பலனில்லை என்று சிலர் நிறுத்திவிட்டார்கள், அது தவறு. காய்ச்சல் மாத்திரை வேலை செய்வதால், உடம்பில் பாராசிட்டமால் குறைந்துதான் காய்ச்சல் வந்தது என்று ஆகிவிடுமா? அதேபோல, காரணம் பற்றிய கணக்கு தப்பிப்போனால் மருந்தின் பலன் பொய்யாகிவிடாது.

இப்போது பசி. காவல்காரன் கதையை நம்பாதவர்களுக்கு எலிகள் சாட்சி. 1980களில் 1ஏ ஏற்பியை மட்டும் குறிவைக்கும் ஒரு சோதனைப் பொருளை வயிறு நிறைந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி போய்ச் சாப்பிட ஆரம்பித்தன! செரோடோனின் பசியைக் குறைக்கும் என்றுதான் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். இங்கே செரோடோனின் தூண்டி பசியைக் கூட்டுகிறது, காவல்காரனைத் தூண்டி ஊதுபவரை அடக்கியதால். (இது எலியில், பெரிய ஒற்றை அளவில். உங்கள் அளவு பஸ்பிரோனில் எடை பெரிதாக ஏறுவதோ இறங்குவதோ வழக்கமில்லை.)

பசியைக் குறைக்கும் வீடு 2சி. மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில், ‘போதும், எழுந்திரு’ என்று சொல்கிற ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அவற்றின் மேல் 2சி ஏற்பி இருக்கிறது. செரோடோனின் அதைத் தொட்டால் அந்த அணுக்கள் மெலனோகார்ட்டின் என்ற இன்னொரு செய்தியை அனுப்பும், கை தட்டைவிட்டு எழும். பக்கத்திலேயே ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று சொல்கிற எதிர்க்கூட்டம் ஒன்றும் உண்டு. அதை 1பி ஏற்பி வழியாகச் செரோடோனின் அடக்கிவைக்கும். 1995-ல் 2சி ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை அதிகம் தின்று குண்டாயின. கூடவே வலிப்பு வந்து செத்தன. பசிக்கான ஏற்பி என்று பெயர் வைத்த ஒன்று வலிப்பையும் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

இந்த அறிவெல்லாம் வருவதற்கு முன்பே மாத்திரை வந்துவிட்டது, அதுதான் சோகம். ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்து 1973-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நரம்பு நுனியில் இருக்கும் செரோடோனினை வெளியே தள்ளும். 1990களில் அதை ஃபென்டெர்மின் என்ற இன்னொரு பசியடக்கியோடு சேர்த்து ‘ஃபென்-ஃபென்’ என்ற பெயரில் லட்சக்கணக்கானோர் எடை குறைக்க விழுங்கினார்கள். எடையும் குறைந்தது. 1997-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 24 பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாரும் ஃபென்-ஃபென் சாப்பிட்டவர்கள், எல்லாருக்கும் இதய வால்வு கெட்டிருந்தது. அறுவைசிகிச்சையில் வெளியே எடுத்த வால்வுகள் தடித்து, பளபளவென்று வெண்மையாக இருந்தன. அந்தத் தோற்றம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. குடலில் செரோடோனினைக் கொட்டித்தள்ளும் கார்சினாய்டு கட்டி உள்ளவர்களின் வால்வும் அப்படித்தான் இருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபென்ஃபுளூரமின் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

குற்றவாளி யார் என்று தெரிய இன்னும் மூன்று வருடம் ஆனது. உடம்பில் ஃபென்ஃபுளூரமின் உடைந்து நார்ஃபென்ஃபுளூரமின் ஆகிறது. அது 2பி ஏற்பியின் பலமான தூண்டி. 2பி இருக்கும் இடம் இதய வால்வு. அங்கே அது அணுக்களைப் பெருகச் சொல்கிறது. பசிக்கு 2சி, வால்வுக்கு 2பி. பெயரில் ஓர் எழுத்து, அமைப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கின்சன் நோய்க்கான பெர்கோலைடும் இதே வால்வுப் பிரச்சினையால் 2007-ல் அமெரிக்கச் சந்தையைவிட்டுப் போனது. இன்று புதிதாக எந்த மருந்தைச் செய்தாலும் 2பி-யைத் தொடுகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுகிறார்கள்.

அப்புறம், 2பி-யைத் தொடாமல் 2சி-யை மட்டும் தூண்டும் மருந்தைத் தேடிச் செய்தார்கள். லோர்காசெரின். நீங்கள் இணையத்தில் பார்த்த எடைக்குறைப்பு மாத்திரை இதுவாகத்தான் இருக்கும். 2012-ல் அனுமதி கிடைத்தது. ஒரு வருடப் பரிசோதனையில் சராசரியாக 5.8 கிலோ குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 2.2 கிலோ. அதாவது அத்தனை துல்லியமாகக் குறிவைத்துக் கிடைத்த லாபம் மூன்றரை கிலோ. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. பசி என்பது மனிதன் பிழைத்திருப்பதற்கான ஏற்பாடு, ஒரு சுவிட்சைத் தட்டி அதை அணைத்துவிட முடியும் என்று உடம்பு விட்டுவைத்திருந்தால் நம் முன்னோர்கள் எந்தப் பஞ்சத்தையும் தாண்டியிருக்க மாட்டார்கள்.

வால்வைப் பொறுத்தவரை லோர்காசெரின் பெரும்பாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் சுமார் 12,000 பேரை ஐந்து வருடம் தொடர்ந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் எடை குறைக்கிற மாத்திரைக்கு அந்தச் சின்ன ஆபத்தும் அதிகம். 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். இப்போது எல்லாரும் பேசுகிற செமாக்ளூடைட் ஊசி வேறு பாதை, அது ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனின் தூண்டி.

இதில் ஒரு திருப்பம்: விரட்டப்பட்ட ஃபென்ஃபுளூரமின் அதே 2020-ல் வேறு வேலைக்குத் திரும்பி வந்தது. டிராவே நோய்க்குறி என்று குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு நோய்க்கு, எடைக்குறைப்புக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த அளவில், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகளிடம் பெற்றோர் முதலில் கவனிக்கிற பக்கவிளைவு என்ன தெரியுமா? சாப்பாடு இறங்காது.

பசியும் மனமும் ஒரே திசையில் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. எம்.சி.பி.பி. என்று ஒரு பொருள் இருக்கிறது, டிரசோடோன் மாத்திரை உடம்பில் உடையும்போது உருவாவது. அதுவும் 2சி-யைத் தூண்டும். தனியாகக் கொடுத்தால் மனிதர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், கூடவே பதறுகிறார்கள். பீதி நோய் உள்ளவர்களுக்கு அது பீதியையே வரவழைக்கும். மறுபக்கம், மிர்டாசபின், ஒலான்சபின் போன்றவை 2சி-யைத் தடுக்கின்றன. மனம் அமைதியாகிறது, தூக்கம் வருகிறது, எடை ஏறுகிறது. மனநல மருந்து சாப்பிட்டு உடம்பு போட்டுவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்கள்’ என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மருந்து ஒரு பக்கம் பசியைத் தடுக்கும் பிரேக்கைக் கழற்றிவைத்திருக்கும்போது வாயை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

எல்.எஸ்.டி. ஊதுவது 2ஏ வீட்டில். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதை 1938-ல் உருவாக்கினார். அதன் குணம் தெரிந்தது 1943 ஏப்ரலில். வேண்டுமென்றே 250 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போன கதை பிரபலம். ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அது, அவ்வளவுக்கே உலகம் வளைந்து நெளிந்தது. மனநோய்க்கும் செரோடோனினுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகமே, 1950களில் எல்.எஸ்.டி.யின் வடிவம் செரோடோனினை ஒத்திருப்பதைப் பார்த்துத்தான் எழுந்தது.

கொடைக்கானலில் போதைக் காளான் விற்றதாகக் கைது என்று அவ்வப்போது செய்தி வருமே, அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினும் உடலில் சைலோசினாக மாறி இதே 2ஏ-வைத்தான் தூண்டுகிறது. 1998-ல் சூரிக்கில் ஒரு சோதனை செய்தார்கள். 2ஏ-வை அடைக்கும் கெட்டான்செரினை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகு சைலோசைபினைக் கொடுத்தார்கள். மாயக்காட்சிகள் வரவில்லை. அத்தோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தால், லிசுரைடு என்ற மருந்து குறுக்கே வருகிறது. அதுவும் எல்.எஸ்.டி.க்கு நெருங்கிய உறவு, அதுவும் 2ஏ-வைத் தூண்டும், ஆனால் மருந்தளவில் மாயக்காட்சி தருவதில்லை. ஒரே ஏற்பியில் ஒட்டினாலும் அதை வெவ்வேறு விதமாக வளைத்து, அணுவுக்குள் வெவ்வேறு வேலைகளைத் தொடங்கிவைக்க முடியும் என்பது இன்றைய விளக்கம். ஒரே வீடு, ஒரே வாசல், ஊதுகிற விதத்தில் வித்தியாசம்.

சைலோசைபினை மனச்சோர்வு சிகிச்சையாக்கும் முயற்சி இப்போது மும்முரம். 2022-ல் வெளியான 233 பேர் ஆய்வில், 25 மில்லிகிராம் ஒரே தடவை எடுத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, 12 வாரத்துக்குள் அந்தப் பலன் மங்கத் தொடங்கியது. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட மனநல மருத்துவர்கள் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. இந்தியாவில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆய்வில் பக்கத்திலேயே பயிற்சி பெற்றவர் உட்கார்ந்திருப்பார், மலையில் காளான் தின்பவருக்கு அது கிடையாது.

நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘செரோடோனின் சாந்தமாக்கும்’ என்பதும் வீட்டைப் பொறுத்ததுதான். 1பி ஏற்பி இல்லாத சுண்டெலிகள் கூண்டுக்குள் வரும் அந்நிய எலியை வழக்கத்தைவிட வேகமாகத் தாக்கின. 1பி தூண்டிகள் விலங்குகளின் ஆவேசத்தைக் குறைத்தன. ஆனால் கல் இறாலுக்குச் செரோடோனின் ஊசி போட்டால் காலை ஊன்றி உயர்ந்து, கொடுக்கை விரித்துச் சண்டைக்கு நிற்கும். எனக்குப் பிடித்தது வெட்டுக்கிளிதான். பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது மற்றதைக் கண்டால் விலகிப்போகிற கூச்ச சுபாவி. கூட்டத்தில் நெருக்கியடித்து, பின்னங்கால் தொடர்ந்து உரசப்பட்டால் அதன் மார்பு நரம்பு முடிச்சுகளில் செரோடோனின் ஏறும். இரண்டே மணி நேரத்தில் அது கூட்டம் தேடும் பூச்சியாகிவிடும். செரோடோனினைத் தடுத்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை. இதைக் காட்டியது 2009-ல். 2020-ல் ராஜஸ்தான் வயல்களை மொய்த்தவை இந்த இனம்தான்.

உடம்பின் மற்ற வீடுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் 1பி, 1டி தூண்டி. மூளைக்குள் அதிகம் போகாததால் மனநிலையைத் தொடுவதில்லை, இரத்தக் குழாயை இறுக்குவதால் இதய நோயாளிகளுக்குக் கூடாது. மலச்சிக்கலுக்கான புரூகலோபிரைடு குடலில் 4-ஆம் ஏற்பியைத் தூண்டுவது. வாந்தி நிற்கப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் 3-ஆம் ஏற்பியின் தடுப்பான். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் செரோடோனின் இத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஊதிவிடும் ஆபத்து பற்றி. செரோடோனினை உயர்த்தும் இரண்டு மூன்று பொருட்கள் சேர்ந்தால் செரோடோனின் நோய்க்குறி வரலாம்: கைகால் துடிப்பு, வியர்வை, காய்ச்சல், குழப்பம், படபடப்பு. அப்படி வந்தால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். பஸ்பிரோன் மட்டும் சாப்பிட்டு இது வருவது அரிது. ஆனால் வலிக்காகக் கொடுக்கும் டிரமடால், லைனசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, மனச்சோர்வு மாத்திரைகள், இணையத்தில் ‘இயற்கை’ என்று விற்கும் 5-எச்.டி.பி. மாத்திரை இவற்றில் எது சேர்ந்தாலும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எரித்ரோமைசினும் கிரேப்ஃப்ரூட் சாறும் பஸ்பிரோனின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பல் மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

அம்மாவின் சிரப்புக்கு வருகிறேன். நம் ஊரில் பசிக்கென்று விற்கும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமை மருந்து, அதோடு செரோடோனின் தடுப்பானும்கூட. பசி எடுப்பது அதனால்தான். செரோடோனின் நோய்க்குறி வந்தவருக்கு மருத்துவமனையில் சில நேரம் கொடுப்பதும் இதையேதான். ஒரு கையில் தூண்டியும் மறு கையில் தடுப்பானுமாக நீங்கள் விழுங்கப்போவது சரியில்லை. தூக்கக் கலக்கம் கூடும். சைப்ரோஹெப்டடின் சேர்ந்ததால் மனச்சோர்வு மாத்திரையின் பலன் குறைந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. குப்பியின் லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது குப்பியையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.